படம் நல்ல தெளிவு

இரவு ஒன்று பத்து. செங்கலடிச் சந்தியில் ஒரு நாய்கூட இல்லை. ஹலீமின் மோட்டார் சைக்கிள் பதுளை வீதிக்குத் திரும்பிக் கறுத்தப் பாலத்தில் ஏறியது. ஆவணி மாதம்… பாலத்துக்கு அடியில் தண்ணீர் என்று சொல்ல ஒன்றுமில்லை, மணல்தான். பாலம் தாண்டினால் கரடியனாறு வரை இரண்டு பக்கமும் வயலும் பற்றையும். யானை கடக்கிற வீதி. அந்த நேரத்தில் அந்த வீதியால் தனியே போகிறவன் ஒன்றில் விசரனாக இருக்க வேண்டும், அல்லது ஏதாவது உயிர்ப் பிரச்சினையாக இருக்க வேண்டும்.

ஹலீமுக்கு உயிர்ப் பிரச்சினை. அவனுடைய உயிர் அல்ல, இன்னொருவருடையது… அப்படித்தான் அவன் அப்போது நினைத்தான்.

ஐந்து நிமிடத்துக்கு முன் ஒரு பெண்ணைப் போனில் கூப்பிட்டு, ஓடிப்போய்க் கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சியிருந்தான். அவள் ஒரேயொரு சொல் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"பாக்கிறன்."

கொஞ்சம் நெருங்கி இருங்கள். மாங்கேணிக் கடற்காற்று இந்த ஓலை வாடிக்குள் நாலு பக்கத்தாலும் வருகிறது, நான் கத்திச் சொல்ல மாட்டேன். ஹலீமை நான் கண்டிருக்கிறேன், ஆனால் இதைச் சொன்னது அவனில்லை. அவனுடைய மச்சான் றிஸான். ஹலீம் கட்டியிருப்பது றிஸானின் அக்கா ஸுஹைனாவை. றிஸான் என்னோடு ஒரே கடையில் எட்டு வருடம் வேலை செய்தவன். பொய் சொன்னால் அடுத்த நாளே வந்து, நேற்றுச் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள். இதைச் சொல்லிச் சில மாதமாகிறது… இன்னும் வந்து அப்படிச் சொல்லவில்லை.

ஏறாவூரில் ஹலீமுக்கு டீவி, ரேடியோ திருத்துகிற கடை. அதோடு அவனுக்கு இன்னொரு பைத்தியம் இருந்தது. அமெச்சூர் வானொலி. லைசென்ஸ் எடுத்து, கூரையில் கம்பி கட்டி, பேசுவதற்காகவே பேசுகிறவர்கள். அவர்களில் சிலபேர் குரலோடு நிற்க மாட்டார்கள், படமும் அனுப்புவார்கள். வீட்டுக்குள் ஒரு சின்ன டீவி நிலையம் வைத்திருப்பது போல. ஆனால் அந்தப் படம் கனதூரம் போகாது. நடுவில் உயரமான கோபுரமொன்று வேண்டும். ஒருவர் அனுப்புகிற படத்தை வாங்கி, பலப்படுத்தி, மற்ற எல்லாருடைய வீட்டுக்கும் திருப்பி அனுப்புகிற பெட்டி அதன் அடியில் வேண்டும். அதை ரிப்பீற்றர் என்பார்கள்.

அப்படி ஒன்றைக் கட்டியவர் சிறில். கரடியனாற்று வயல்வட்டைக்கு நடுவே, அவருடைய சொந்தக் காணித் துண்டில், தொண்ணூறு அடி இரும்புக் கோபுரம். அதன் காலடியில் ஒற்றை அறை. வயர் திருடுகிறவர்களுக்குப் பயந்து யன்னலுக்குத் தடித்த கம்பி, வெளிப்பக்கம் திறக்கிற இரும்புக் கதவு. சிறிலுக்கு யுத்தத்தில் ஒரு கால் போனது. முழங்காலுக்குக் கீழே ஜெய்ப்பூர் கால். அதனால் கோபுரத்தில் ஏற மாட்டார், கீழே நின்று சொல்லச் சொல்ல மற்றவர்கள் ஏறிப் பூட்டினார்கள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. படம் அனுப்புகிறவனுக்குத் தன் படம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாதல்லவா… ஆகவே பார்க்கிறவர் வோக்கிடோக்கியை அமத்திப் பதில் சொல்ல வேண்டும். வெள்ளைப் புள்ளிகளாகச் சொரிந்தால் "மணல் கொட்டுது" என்பார். சரியாக விழுந்தால் "படம் நல்ல தெளிவு" என்பார். அதைக் கேட்டால் அனுப்பியவனுக்கு வயிறு நிறைந்துவிடும்.

தன்னாமுனை மேர்வின் அந்தக் கழகத்தின் தலைவர், எல்லாருக்கும் மூத்தவர். நிலையம் திறந்த அன்று பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். மேர்வின் மைக்கைப் பிடித்து, இதை நான் கட்டினேன், அதை நான் கட்டினேன் என்று அரை மணித்தியாலம் பேசினார். பிறகு சிறிலின் முறை. சிறில் சொன்னது ஒரு வரி.

"மேர்வின் அண்ணன் கட்டினது வாசல்ல ரிபன் மட்டுந்தான்."

கூட்டம் சிரித்தது. பாதர் சிரித்தார். மேர்வினின் மனைவி ஜெனிற்றாகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேர்வினும் சிரித்தார்… ஆனால் அந்தச் சிரிப்பு அவருடைய வயிற்றுக்குள் அப்படியே கிடந்தது.

இரண்டு வருடம் கழித்து மார்கழி வெள்ளம். சிறிலின் மனைவி மக்டலின் அயல் சனங்களோடு பள்ளிக்கூட முகாமுக்குப் போய்விட்டாள். பெட்டிகளை உயரத்தில் ஏற்றி வைத்துவிட்டு வருகிறேன் என்று சிறில் நிலையத்துக்குப் போனார். இரவு எங்கேயோ ஒரு குளத்துக் கட்டு உடைந்தது. வெள்ளத்தோடு வந்த மரமொன்று இரும்புக் கதவில் குறுக்கே விழுந்து, சேற்றோடு இறுகிவிட்டது. கரண்ட் இல்லை. போன் வேலை செய்யவில்லை. மூன்றாம் நாள் படகில் போனவர்கள்தான் சிறிலை எடுத்து வந்தார்கள்.

கைவிரல் பத்திலும் நகம் இல்லை.

கூப்பிட ஒரு வழியும் இல்லாமல் செத்துப்போனார் என்று ஊர் அழுதது. மக்டலினும் அப்படித்தான் நம்பினாள். பத்து வருடம் நம்பினாள்.

போன வருடம் ஆவணியில், வெளிநாட்டுக் கழகம் ஒன்று புதுச் சாமான்களை அனுப்பி வைத்தது. பழைய ரிப்பீற்றரைக் கழற்றிவிட்டு டிஜிட்டலுக்கு மாற்ற வேண்டும். அந்த வேலை தெரிந்தவன் ஹலீம் ஒருவன்தான். மேர்வினும் கூட வந்தார். நிலையத்துக் கதவின் திறப்பு ஒன்று அவரிடம், மற்றது மக்டலினிடம். அரை மைல் தள்ளி வீதியோரம் அவளுடைய வீடு. அவளே வந்து கதவைத் திறந்து, அறையைக் கூட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். படம் ஒழுங்காக விழுகிறதா என்று பார்த்துச் சொல்ல, அவளுடைய டீவிக்கும் புதுப் பெட்டியொன்றை ஹலீம் பூட்டிக் கொடுத்தான். சிறிலின் பழைய வோக்கி இன்னும் அவளிடம் இருந்தது. கிழமைக்கொரு தரம் அதற்குச் சார்ஜ் போடுவாளாம்… எதற்கென்று அவளுக்கே தெரியாது.

யாரும் படம் அனுப்பாத நேரத்தில் நிலையம் தன் பெயர் அட்டையைக் காட்டிக்கொண்டிருக்கும். பழைய அட்டையில் 'நிறுவியவர்: சிறில்' என்று இருந்தது. மேர்வினுக்கு முதல் கண் போனது அதில்தான்.

"அதை எடுத்துப்போட்டு என்ட பேரைப் போடு தம்பி. செத்த ஆள்ர பேரை எத்தின வருசத்துக்குக் காட்டுற?"

ஹலீம் போட்டான்.

மாலை ஆறரை இருக்கும். வேலை பாதி முடிந்தது. அறைக்குள் சின்ன டீவி ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். மேர்வினின் பெயர் பளிச்சென்று விழுந்தது. அவர் போனை எடுத்து அதைப் படம் பிடித்தார். அந்த நேரம் டீவி கறுத்தது… பிறகு, மணல் கொட்டத் தொடங்கியது.

ஹலீம் எழுந்து நின்றுவிட்டான். டிஜிட்டலில் மணல் வராது. வந்தால் முழுப் படம், இல்லையென்றால் கறுப்பு. மணல் பழைய முறையில்தான் கொட்டும், அந்தப் பழைய பெட்டி வெளியே சாக்கில் கட்டிக் கிடந்தது.

மணல் மெல்ல விலகியது. ஒரு அறை. இடப்பக்கம் தட்டு. பின்னால் கம்பி போட்ட யன்னல். அவர்கள் இருந்த அதே அறை… நிலம் மட்டும் அசைந்தது. தண்ணீர். ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு, தோளால் கதவை இடித்துக்கொண்டிருந்தார்.

டொம்… டொம்… டொம்…

அந்தச் சத்தம் டீவிக்குள் இருந்து வந்ததா, அவர்களுக்குப் பக்கத்திலிருந்த கதவில் இருந்து வந்ததா என்று ஹலீமால் சொல்ல முடியவில்லை. ஒரு மணமும் வந்தது. வெள்ளச் சேறும் அழுகின நெல்லும் சேர்ந்த மணம். ஆவணி மாதம், வயலெல்லாம் வெடித்துக் கிடக்கிற நேரத்தில்.

மேர்வின் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"ஆரோ விளையாடுறானுகள். பழைய படம் எதையோ பிடிச்சு அனுப்புறான்."

"அண்ணன்… அன்ரெனா வயர் நான் இன்னும் பூட்டல்ல."

மேர்வின் எழும்பி வெளியே போனார். தன்னாமுனைக்குப் போகும் வழி முழுக்க, மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்தபடி கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

அடுத்த நாள் அவர் வராமல் இருந்திருக்கலாம். வந்தார். வராவிட்டால் ஹலீம் ஏதாவது நினைப்பான் என்று பயந்திருப்பார். பத்து மணிபோல மக்டலின் தேத்தண்ணி கொண்டு வந்தாள். அவள் வாசலில் காலை வைக்கவும் டீவியில் மணல் கொட்டவும் சரியாக இருந்தது.

இந்த முறை சிறில் திரும்பி நின்றார். தண்ணீர் இடுப்புக்கு மேலே. கமராவை இரண்டு கையாலும் பிடித்துத் தன் முகத்துக்கு நேரே திருப்பினார்.

"ஆராவது பாக்கிறீங்களா? நான் நிலையத்துக்குள்ள அம்பிட்டுக் கிடக்கிறன். கதவு திறபடுதில்ல. மரமொண்டு தட்டிக் கிடக்கு. பெற்றறியில ஓடுது, கனநேரம் நிக்காது… ஆராவது பாக்கிறீங்களா?"

கிளிக் என்று ஒரு சத்தம். வோக்கியை அமத்துகிற சத்தம். அதன் பிறகு ஒரு குரல், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக.

"படம் நல்ல தெளிவு, சிறில்."

சிறிலின் முகம் அப்படியே மலர்ந்தது. றிஸான் சொல்லுவான், ஹலீமுக்கு மற்ற எல்லாவற்றையும் விட அந்த முகந்தான் மறக்காதாம்.

"மேர்வின் அண்ணன்! ஐயோ, என்ட மாதாவே… அண்ணன், கெதியா ஆக்கள அனுப்புங்க. தண்ணி ஏறுது. கேக்குதா? அண்ணன்? …அண்ணன்?"

இரண்டாவது கிளிக் வரவில்லை.

மேர்வின் பிளக்கைப் பிடுங்கினார். டீவி நிற்கவில்லை. வயரை இழுத்து அறுத்தார். நிற்கவில்லை. நெஞ்சு மட்டத்துக்குத் தண்ணீர் வந்தது, கழுத்துக்கு வந்தது. கடைசிவரை சிறில் அந்த ஒரு பெயரையே கூப்பிட்டார். பிறகு படம் தானாகக் கறுத்தது.

மக்டலின் கத்துவாள், அடிப்பாள் என்று ஹலீம் எதிர்பார்த்தான். அவள் குனிந்து, தேத்தண்ணித் தட்டத்தை ஒரு சொட்டுச் சிந்தாமல் நிலத்தில் வைத்தாள்.

"அது உங்கட குரல்."

"மக்டலின்… அந்த நேரம் எனக்கு… வெள்ளத்துக்குள்ள நான் ஆரைப் பிடிக்கிற…"

"படம் தெளிவெண்டு சொன்னீங்க."

அவ்வளவுதான். சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு வரம்பால் நடந்து போய்விட்டாள். ஹலீம் நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். தேத்தண்ணியை யாரும் தொடவில்லை.

புதுப் பெட்டியின் சக்தி கொடுக்கிற பகுதி எரிந்து போயிருந்தது. ஹலீம் அனுப்பும் கருவியை முழுதாகக் கழற்றி, சாக்கில் சுற்றி, ஏறாவூருக்குக் கொண்டுவந்துவிட்டான். இதை விளங்கிக்கொள்ளுங்கள். அன்று தொடக்கம் அந்த நிலையத்தில் படம் அனுப்ப ஒன்றுமே இல்லை. சுவரில் ஒரு கமரா, வெறும் தட்டு, கொஞ்ச வயர்… அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்கு மேர்வின் ஹலீமுக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, என்ட வீட்டு டீவி நிக்குதில்ல. பிளக்கைக் கழட்டினன். தூக்கிக்கொண்டு போய் வளவுக்குள்ள போட்டன். அங்க கிடந்தும் கூப்பிடுறான். ஜெனிற்றாக்குக் கேக்குதில்லயாம், எனக்குத்தான் கேக்குது. நான் போறன். போய் அந்தக் கமராவ உடைச்சாத்தான் இது முடியும்."

"அண்ணன், இப்ப போகாதீங்க. விடிய நானும் வாறன்."

போன் வெட்டுப்பட்டது. திருப்பி எடுத்தான், அவர் தூக்கவில்லை.

ஹலீமுக்கு நித்திரை வரவில்லை. வீட்டோடு ஒட்டினதுதான் கடை. விளக்கைப் போட்டுக்கொண்டு அனுப்பும் கருவியைத் திருத்த உட்கார்ந்தான். ஒரு மணிபோல அதன் வயிறு திறந்து, பாகம் பாகமாக மேசையில் பரவிக் கிடந்தது. அந்த நேரம், முன்னாலிருந்த சோதனை டீவி தானாக ஒளிர்ந்தது.

மணல். பிறகு அறை. அறைக்குள் மேர்வின்.

கதவைத் தோளால் இடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கணுக்காலுக்கு நின்றது. ஹலீம் பார்க்கப் பார்க்க முழங்காலுக்கு ஏறியது. மேர்வின் திரும்பிக் கமராவுக்கு ஓடி வந்தார். அதை உடைக்கப் போனவர் அதையே கும்பிட்டார்.

"ஹலீம்! ஆராவது! கதவு திறபடுதில்ல!"

ஹலீம் மக்டலினுக்குப் போன் எடுத்தான். இரண்டாவது ரிங்கிலேயே தூக்கினாள். நித்திரையால் எழும்பியவளின் குரல் இல்லை.

"அக்கா, மேர்வின் அண்ணன் நிலையத்துக்குள்ள அம்பிட்டிட்டார். நீங்கதான் கிட்ட. ஓடிப்போய்க் கதவைத் திறங்க அக்கா, உங்களக் கும்பிட்டன்."

அவளுக்குப் பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. காதைக் கூர்ந்து கேட்டான்… தண்ணீர் அலையும் சத்தம். அதற்குள் மேர்வினின் குரல். அவளுடைய வீட்டு டீவியிலும் அதே படம்.

"பாக்கிறன்" என்றாள். வைத்துவிட்டாள்.

போய்ப் பார்க்கிறேன் என்றுதான் சொல்கிறாள் என்று ஹலீம் நினைத்தான். மோட்டார் சைக்கிளை எடுத்தான். செங்கலடிச் சந்தி, கறுத்தப் பாலம்… பாலம் தாண்டின பிறகுதான் அந்தச் சொல் வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கியது. அவள் போவதாகச் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னாள்.

அந்த நேரம் அவன் இடுப்பிலிருந்த வோக்கி கரகரத்தது. கிளிக் என்று ஒரு சத்தம். பிறகு ஒரு பெண்ணின் குரல், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக.

"படம் நல்ல தெளிவு, மேர்வின் அண்ணன்."

அதன் பிறகு வோக்கியில் ஒன்றுமில்லை. வீதி முழுக்க மோட்டார் சைக்கிளின் இரைச்சல் மட்டுந்தான்.

அறுத்த வயலுக்கு நடுவால் மோட்டார் சைக்கிளை விட்டுக்கொண்டு போய் நிலையத்தடியில் நிறுத்தினான். நிலா வெளிச்சம். மேர்வினின் ஸ்கூட்டர் வாசலில் நின்றது. கதவில் மரமில்லை, சேறில்லை, பூட்டுமில்லை. ஹலீம் விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, வெளியே இழுத்தான். ஒரு சத்தமும் இல்லாமல் திறந்தது.

உள்ளே நிலத்தில் புழுதி. அந்தப் புழுதியில் பல்லி ஓடின தடம்கூடக் கலையாமல் கிடந்தது. நடுவில் மேர்வின் மல்லாக்கப் படுத்திருந்தார். தலைமயிரில் இருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டின இடம் மட்டும் ஈரம். வாய் திறந்திருந்தது, அதற்குள் செம்மண் சேறும் நெல் உமியும். கைகள் இரண்டும் நெஞ்சில். ஹலீம் டோர்ச்சை அடித்தான். விரல் பத்திலும் நகம் இல்லை.

நீரில் மூழ்கி மரணம் என்றுதான் டொக்டர் எழுதினார். பொலிஸ் தண்ணீர் தேடியது. அந்த மாதத்தில் ஒரு ஆளை மூழ்கடிக்கிற அளவு தண்ணீர் அங்கிருந்து இரண்டு மைல் சுற்றுவட்டத்தில் இல்லை. ஹலீமை விசாரித்தார்கள், மக்டலினை விசாரித்தார்கள், ஒரு மாதம் அலைக்கழித்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள்.

ஆனால் பொலிஸ் வர முன்னம், விடியச் சாமத்தில், ஹலீம் மக்டலினின் வீட்டுக்குப் போனான். வாசல் திறந்து கிடந்தது. அவள் கதிரையில் இருந்தாள். டீவி கறுத்துக் கிடந்தது. மடியில் வோக்கி.

"ஏன் அக்கா போகல்ல?"

"மேர்வின் அண்டைக்கு டீவிய நிப்பாட்டிப்போட்டுப் போனவர். நான் நிப்பாட்டல்ல தம்பி. கடைசி வரைக்கும் இருந்து பாத்தன்."

வெளியே ஒரு சேவல் கூவியது. அவள் பேச்சை முடித்துவிட்டாள் என்று நினைத்து அவன் திரும்பினான்.

"மறுகா சிறில் வந்தவர்" என்றாள். "எல்லாம் முடிஞ்ச பிறகு. கமராக்குக் கிட்ட வந்து நிண்டார். முகமெல்லாம் சேறு. என்னைத்தான் பாத்தவர், எனக்குத் தெரியும். வோக்கியில சத்தம் வந்த. 'வேற ஆர் பாத்த?' எண்டு கேட்டவர்."

"நீங்க… என்ன சொன்னீங்க?"

"ஒருத்தருமில்ல எண்டு சொன்னன்." அவள் நிமிர்ந்து ஹலீமின் முகத்தைப் பார்த்தாள். "ஒருத்தருமில்லத்தானே, தம்பி?"

"இல்ல அக்கா" என்றான் ஹலீம்.

பொலிஸ் விட்ட ஒரு மாதத்துக்குள் ஹலீம் கடையைப் பூட்டினான். சாமான்களை வந்த விலைக்கு விற்றான். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தான். டோஹாவில் ஒரு கட்டடத்தில் பராமரிப்பு வேலை. எயார்ப்போட்டில் வழியனுப்பப் போனவன் றிஸான் மட்டுந்தான். உள்ளே போக அரை மணித்தியாலம் இருக்கும்போது, கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், ஹலீம் சொன்னானாம்.

"அண்டைக்கு ராவு, அந்த வெள்ளத்துக்கு, என்ட கடையிலயும் டீவி ஓடின மச்சான். பெற்றறியில போட்டிருந்த. நானும் பாத்தன். சிறில் அண்ணன் கேட்டதெல்லாம் கேட்டன். வோக்கிய எடுக்கக் கை நீட்டினன்… அதுக்குள்ள மேர்வின் பதில் சொல்லிட்டார். சரி, அவர் ஆக்கள அனுப்புவார் எண்டு நினைச்சு நிப்பாட்டிட்டுப் படுத்திட்டன்."

கோப்பியை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினானாம்.

"சிறில் அண்ணன்ட மையத்து எடுத்த அண்டு, மேர்வின் ஒண்டும் தெரியாத ஆள் மாதிரி வந்து நிண்டார். எனக்கு விளங்கிட்டு. அவருக்குப் பக்கத்திலதான் நானும் நிண்டன். பத்து வருசம்… அவரைக் காட்டிக் குடுக்கிறண்டா, நானும் பாத்தன் எண்டு சொல்ல வேணுமே மச்சான்."

கோப்பியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனான்.

டோஹாவில் அவனுடைய அறையில் டீவி இல்லை. வீட்டுக்கு ஒழுங்காகப் பேசுவான், ஆனால் குரல் மட்டுந்தான். வீடியோவில் வரவே மாட்டான். ஸுஹைனா கோபித்தாள், அழுதாள், அங்கே யாரையாவது வைத்திருக்கிறானா என்றுகூடக் கேட்டாள். அசையவில்லை.

போன நோன்புப் பெருநாளன்று காலையில், நாலு வயது மகள் முப்லிஹா புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வாப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று நிலத்தில் உருண்டு அழுதாள். றிஸானும் அங்கேதான் இருந்தான். அன்றைக்கு மட்டும் ஹலீம் இரங்கிவிட்டான். வீடியோவைப் போட்டான்.

நல்ல வெளிச்சமான அறை. பதினோராம் மாடி. யன்னலுக்கு வெளியே வெயிலில் கட்டடங்கள். ஹலீம் போனை அலுமாரியில் சாத்திவிட்டு, சட்டையை நல்லாப் பார்க்க வேண்டும் என்று இரண்டடி பின்னால் போய் நின்றான். மெலிந்திருந்தான், ஆனால் சிரித்தான். முப்லிஹா சுற்றிச் சுற்றிக் காட்டினாள். பிறகு சுற்றுவதை நிறுத்திவிட்டுப் போனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனாள். கைதட்டிச் சிரித்தாள்.

"உம்மா, வாப்பா தண்ணிக்குள்ள நிக்கிறார்!"

ஹலீம் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். இரண்டு பக்கமும் பார்த்தான். நிமிர்ந்து சிரித்தான்.

"எங்க மகள்? இஞ்ச தண்ணியே இல்லையே…"

போனில், தண்ணீர் அவனுடைய முழங்காலுக்கு வந்திருந்தது.